நான் வாசிக்காத நான்கு பக்கங்கள்

போன செவ்வாய்க்கிழமை காதர் என் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். என்னிடம்! அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

காதரை போடி பஜாரில் எல்லோருக்கும் தெரியும். அண்ணனோடு ஏலக்காய்க் கடை நடத்துகிறவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படிக்கிறார். பாஸ் செய்தால் மதுரையில் பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் வாத்தியார் வேலை தயாராக இருந்தது.

பாடப் புத்தகம் பிரெய்லில் கிடைக்காதே... அதனால் நான் வாசிப்பேன். காதர் தடித்த தாளைச் சட்டத்தில் மாட்டி, ஊசியால் டக் டக்கென்று குத்திக்கொண்டே வருவார். பிறகு தாளைத் திருப்பி, புள்ளிகளை விரலால் தடவிப் படிப்பார். ஊரே என்னைப் பாராட்டியது. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன் — பொய் சொல்வானேன்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயத்துவாரி நிலவரிப் பாடம். வாசலில் ஜீப் ஹாரன். போடிமெட்டு எஸ்டேட்டில் நண்பர் வீட்டுக் கறி விருந்து!

"அண்ணே, வெரசா வாங்க! எடம் போயிரும்!" என்று ஜீப்பிலிருந்து ஒரு குரல்.

இன்னும் நான்கு பக்கம் பாக்கி. புத்தகத்தை மூடினேன்.

"அம்புட்டுத்தானாண்ணே?" என்றார் காதர்.

"அம்புட்டுத்தேன் காதரு. பாடம் முடிஞ்சது."

கண் தெரிகிறவரிடம் இந்தப் புளுகு செல்லுமா? மலை ஏறி முடிப்பதற்குள் நான் அதை மறந்தும் போனேன். கறி நன்றாகத்தான் இருந்தது.

பரீட்சையில் இருபது மார்க் கேள்வி அந்த நான்கு பக்கத்திலிருந்து வந்தது. காதர் ஃபெயில். வேலையும் வேறொருவருக்குப் போய்விட்டது.

செவ்வாயன்று வந்து உட்கார்ந்தவர் சொன்னார்: "கோவிச்சுக்கிறாதீங்கண்ணே. நீங்க தொண்டத்தண்ணி வத்த வாசிச்சீங்க. நாந்தேன் அந்தக் கேள்விக்குள்ள தாள எங்கயோ தொலைச்சுட்டேன். கட்டு பூராம் தடவிப் பாத்துட்டேன்... வெரல்ல தட்டுப்படவே இல்ல."

"விடு காதரு, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றேன். என்ன பெருந்தன்மை! சீ... அப்படி ஒரு தாளே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்குக் கண்ணாக இருக்க வேண்டிய நாக்கு, கறிக்கு அலைந்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

செய்கிற உதவியை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொள்கிறோமே, அதை முழுசாகச் செய்கிறோமா?

நேரில் சொல்லத் துணிவில்லாமல்தான் இங்கே, என் பத்திரிகைப் பத்தியில் எழுதிவிட்டேன். அதிலும் ஒரு சிக்கல் — வாராவாரம் இந்தப் பத்தியைக் காதருக்கு வாசித்துக் காட்டுவதும் நான்தான்.