வின்ச்சுக்குக் காது கொடுக்கும் வெர்லீன்

"அமுக்கு" என்கிறாள் வெர்லீன்.

லாரி டிரைவர் பொத்தானை அமுக்குகிறான். முன்பம்பருக்கு மேலிருக்கும் வின்ச்சின் தகரப் பெட்டியில் இடது காதை ஒட்ட வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள். உள்ளே, மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலே 'டக்' என்கிறது.

"இப்போ கயிறை வெளியே விடு."

டக், டக்.

"வெளியே விட ரெண்டு பேரு வேலைக்கு வர்றான். உள்ளே இழுக்க ஒருத்தன்தான் வர்றான். ஒரு ரிலே செத்துக் கிடக்கு. மோட்டாரைத் திட்டாதே, அது பாவம்." நிமிர்கிறாள். காதைச் சுற்றி வட்டமாக கிரீஸ்.

லிண்டனிலிருந்து லெதெம் போகும் செம்மண் பாதையில், காட்டுக்கு நடுவே எங்கள் ஊரான நாற்பத்தேழாம் மைல். என் சாப்பாட்டுக் கடைக்கு நேர் எதிரே அவளுடைய பட்டறை. மழைக்காலத்தில் இந்தப் பாதையில் சேறு அச்சுவரை ஏறிவிடும். அப்போது வின்ச்தான் தெய்வம். இரும்புக் கயிற்றை இழுத்துப்போய் ஒரு மரத்தில் மாட்டிப் பொத்தானை அமுக்கினால், பம்பரிலிருக்கும் மோட்டார் கயிற்றைச் சுற்றச் சுற்ற வண்டி தன்னைத்தானே கரையேற்றிக்கொள்ளும். இங்கே ஓடுபவற்றில் பாதி, டிரைவர்களைவிட வயதான வின்ச்சுகள். அவற்றின் ஒயர்களை எலி தின்றிருக்கும், துரு தின்றிருக்கும், மிச்சத்தை டிரைவரே கெடுத்திருப்பான்.

வண்டிக்கு என்ன ஆயிற்று என்று வெர்லீன் கேட்கவே மாட்டாள். சொல்ல வந்தாலும் கையமர்த்திவிடுவாள். முதலில் குனிந்து பார்ப்பது எர்த் ஒயரைத்தான். "கரண்டு போற வழியை எல்லாரும் பாக்குறான். திரும்பி வர்ற வழியை எவன் பாக்குறான்?" என்பாள். துருவேறிய பம்பரிலிருந்து அந்த ஒயரைப் பிடுங்கி, உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்ப்பாள். பத்தில் நாலு வின்ச் அதற்கே உயிர்த்தெழுந்துவிடும். அப்போது டிரைவர் முகம் அசடு வழிவதைப் பார்ப்பதில் அவளுக்கு அலாதி இன்பம்.

ஐம்பத்திரண்டு வயது. லிண்டன் சுரங்கத்தில் பதினாலு வருஷம் மோட்டார் காயில் கட்டியவள். இப்போதும் செம்புக் கம்பியைச் சுற்ற உட்கார்ந்தால் சுற்றை எண்ணுவதைத் தவிர வேறெதுவும் அவள் வாயிலிருந்து வராது.

"வெர்லீன், மீன் வறுத்தாச்சு, ஆறிப்போகுது" என்று நான் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்துவேன்.

"முப்பத்தேழு" என்று பதில் வரும்.

மூன்று பட்டறை தள்ளி வசிக்கும் ஆஸ்வின் அவளுடைய பழைய புருஷன். பழைய லேண்ட்ரோவர் ஒன்று வைத்துச் சரக்கு ஏற்றுகிறான். பிரிந்து ஆறு வருஷமாகிறது. காரணம் கேட்டால் ஒளிக்க மாட்டாள். "குடிச்சா பொறுத்துக்கலாம். சீட்டாடினா பொறுத்துக்கலாம். ஒயரை முறுக்கி டேப் ஒட்டுறவன்கூட எப்படிக் குடித்தனம் பண்றது?"

அவன் தன் வின்ச்சுக்குத் தானே ஒயர் இழுத்துக்கொண்டவன். பேட்டரியிலிருந்து வரும் மெயின் ஒயரில், கரண்டை அடியோடு நிறுத்த ஒரு கட்டாஃப் சுவிட்ச் போடச் சொல்லி அவள் படித்துப் படித்துச் சொன்னாள். "பொத்தானை விட்டா நிக்குது, இதுக்கொரு சுவிட்சா?" என்றான். அன்றைக்கு, அந்த வின்ச்சை இனித் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

போன ஜூனில் தொடவேண்டி வந்தது.

அரை மைல் தள்ளி ஓடைமேல் மரக்கட்டைப் பாலம். மழையில் ஒரு மினிபஸ்ஸின் பின்சக்கரம் பாலத்தைவிட்டு வழுக்கி, வண்டி இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. கதவு இருப்பது அந்தப் பக்கம்தான். அதைத் திறந்தால் தண்ணீர். டிரைவரும் பதினோரு பேரும் ஜன்னல் வழியாக வெளியே குதித்துவிட்டார்கள். உள்ளே மிஞ்சியது இக்னேசியஸ் மட்டும். ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரியில் இடுப்பிலிருந்து பாதம்வரை காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த மனிதர். ஜன்னலுக்குள் அந்தக் கால் மடங்காது.

பக்கத்தில் வின்ச்சுள்ள வண்டி ஆஸ்வினுடையது ஒன்றுதான். எங்கள் பக்கத்துக் கரையில் பஸ்ஸைப் பார்த்து நிறுத்தி, கயிற்றை இழுத்துப்போய் பஸ்ஸின் முன்கொக்கியில் மாட்டிப் பொத்தானை அமுக்கினான். அசையவில்லை. ஓடை ஏறிக்கொண்டிருந்தது. ஆள் ஓடிவந்து சொன்னதும் வெர்லீன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வண்டியில் ஏறினாள்.

போனதும் வின்ச் பெட்டியில் காதை வைத்தாள். "அமுக்கு." ஒரே ஒரு டக்.

"வெர்லி, அது வந்து..." என்று ஆரம்பித்தான் ஆஸ்வின்.

"நீ பேசாதே. அது பேசட்டும்."

மூடியைக் கழற்றினாள். இழுக்கும் ஜோடியில் ஒரு ரிலே கருகிக் கிடந்தது. மாற்று ரிலே கைவசமில்லை. வெளியே விடும் ஜோடியிலிருந்து ஒன்றைக் கழற்றி அந்த இடத்தில் பொருத்தினாள். "இனிமே இது உள்ளே மட்டும்தான் இழுக்கும். இப்போதைக்கு அது போதும்."

"வெர்லீன்!" பஸ்ஸுக்குள்ளிருந்து இக்னேசியஸ், பிஸ்கட் மென்றபடி. "தண்ணி காலைத் தொட்டிருச்சு!"

"எந்தக் காலு?"

"கட்டுப்போட்ட காலு!"

"சீட்டுமேல தூக்கி வையுங்க. கரைஞ்சிடப் போகுது!"

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் கை மட்டும் நிற்கவில்லை. எர்த் ஒயரைத் தேய்த்து மாட்டினாள். பிறகு பேட்டரியிலிருந்த மெயின் ஒயரைக் கழற்றி, நட்டுப் போட்டு முடுக்காமல், ஒரு முதலைவாய்க் கிளிப்பால் கவ்வவிட்டு, பிளாஸ்டிக் பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அதை இறுக்கும்மா, கழண்டுக்கும்" என்றான் ஆஸ்வின்.

"நீ உன் பொத்தானைப் பாரு."

மோட்டார் முனகியது. பஸ் அதிர்ந்தது. பின்சக்கரம் கட்டையைப் பற்றி ஏறி, பாலத்தில் உருண்டு, கரைக்கு வந்தது. டிரைவர் ஜன்னலுக்குள் கைவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கூட நடந்தான். "போதும், போதும்!" என்று எல்லோரும் கத்தினோம்.

ஆஸ்வின் பொத்தானை விட்டான். வின்ச் நிற்கவில்லை. பெட்டிக்குள் ரிலே முனைகள் சூட்டில் ஒட்டிக்கொண்டுவிட்டன. பஸ் வந்துகொண்டே இருந்தது. இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்ற ஆஸ்வினுக்கு முழங்கால்வரை சேறு. பூட்ஸை உருவப் பார்த்தான், வரவில்லை. பொத்தானை உதறினான், தட்டினான். "வெர்லி!" என்றான். அந்தக் குரலை அவனிடம் நான் அதற்குமுன் கேட்டதில்லை.

கிளிப்பைப் பிடுங்கினாள். நீலமாக ஒரு பொறி. சத்தம் அடங்கியது. பஸ்ஸின் மூக்குக்கும் அவன் தொடைக்கும் நடுவே ஒரு சாண் இடம்.

இக்னேசியஸ் உள்ளேயிருந்து, "வந்து சேந்தாச்சா?" என்று கேட்டார். சனம் கைதட்டியது. நாலு பேர் சேர்ந்து ஆஸ்வினைச் சேற்றிலிருந்து உருவினார்கள். ஒரு பூட்ஸ் உள்ளேயே தங்கிவிட்டது.

"பூட்ஸு உள்ளே போயிருச்சு, வெர்லி" என்றான்.

"போகட்டும்."

வின்ச் பெட்டியைத் திறந்து, ஒட்டிக்கிடந்த ரிலேயின் செம்புத் தகட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தாள். கறுத்து, ஓரம் உருகியிருந்தது. உள்ளங்கையை மழையில் நீட்டி அது ஆறும்வரை காத்திருந்தாள். பிறகு, பொத்தானை விட்டும் பிடியை விடாத அந்தத் தகட்டை அவன் சட்டைப்பையில் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிவிட்டாள்.