நட்டாலி தொட்டியைத் திறந்துவிட்டாள்

நட்டாலிக்கு வாய் கொஞ்சம் நீளம். பாயான் லெப்பாஸ் ஊரில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து வண்டிக்கு ஊற்றும் எத்தனால் காய்ச்சும் அந்தச் சின்ன ஆலையில், ஆய்வுக்கூடம் அவள் பொறுப்பு. மேலாளர் சிவநேசன் அவளைக் கண்டால் பாதி வழியிலேயே திரும்பிவிடுவார்.

சிவநேசன் சிக்கனத்துக்குப் பேர் போனவர். வீட்டில் பழைய தயிரை எடுத்து வைத்துப் புதுப்பாலுக்கு உறை ஊற்றுவோமே, அதுபோல, போன தடவை நொதித்த ஈஸ்ட்டையே அடுத்த தொட்டிக்கும் ஊற்றச் சொல்வார். அதனோடு புளிப்புக் கிருமியும் தொட்டிக்குத் தொட்டி குடிபெயர்ந்தது. ஈஸ்ட் தின்ன வேண்டிய சர்க்கரையைக் கிருமி தின்றது, எத்தனால் குறைந்தது. ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக் கொட்டினார்கள். கிருமி கொஞ்சம் அடங்கும், மறுபடி தலைதூக்கும்.

இந்த முறை சிவநேசன் அந்த மருந்தை இரண்டு மடங்கு போடச் சொன்னார்.

"முடியாது சார். மிஞ்சுற சக்கை மாட்டுத் தீவனத்துக்குப் போகுது. மருந்தும் அதோட போகும்."

"எல்லா இடத்திலயும் செய்றதுதான் லா. நீ மட்டும் என்ன பெரிய இவளா?"

நட்டாலிக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் கணவன் கிளிஃபர்டின் கால் புண்ணில் பிடித்த கிருமி எந்த மருந்துக்கும் மசியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒன்று மாற்றி ஒன்று கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். அந்தக் கிருமி எங்கே மருந்துக்குப் பழகி வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இன்னொன்றைப் பழக்கிவிடத் தன் கையால் முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் நேரே போய் ஈஸ்ட் தொட்டியின் அடிக்குழாயைக் கழிவுத்தொட்டிக்குத் திறந்துவிட்டாள். சிவநேசன் ஓடி வருவதற்குள் பாதி காலி.

"யாரைக் கேட்டுத் திறந்தே?"

"யாரையும் கேக்கல சார். குழாய் மூட்டு எல்லாம் கழட்டி ஆவியில கழுவணும். புது ஈஸ்ட் போடணும். அதுவும் புளிச்சா நானே வேலையை விட்டுப் போறேன். மருந்து போட்டாலும் போயிடுவேன். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் கதவை அறைந்துவிட்டுப் போனார். ஆனாலும் வேண்டாவெறுப்பாகப் புது ஈஸ்ட் வாங்கித் தந்தார். கழற்றிய மூட்டுகளுக்குள் பழைய மாவு பாசிபோல் அப்பியிருந்தது. நட்டாலி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று ஆட்களைச் சுரண்டவைத்தாள். அடுத்த தொட்டி புளிக்கவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. சிவநேசன் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை; அவளும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

சில மாதம் கழித்துத் தீவனம் வாங்க ஒரு பெரிய மாட்டுப் பண்ணையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சிவநேசன் தொட்டியைத் தட்டிக்காட்டி, "எங்க ஆலையில மருந்தே கிடையாது. ஆரம்பத்திலேருந்து அதான் எங்க கொள்கை" என்றார்.

பக்கத்தில் நின்ற நட்டாலி வந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்:

"இப்பதான் கிடையாது. முன்னாடி போட்டோம். இவர் இன்னும் போடச் சொன்னார், நான் மாட்டேன்னேன். நாளைக்குச் சொன்னாலும் மாட்டேன்."