ஒரு டப்பா மரத்தூள்

மேசையின் அடிப்பக்கத்தில், லாக்கர் பூச்சுப் படாத ஓரமாகப் பார்த்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை வன அதிகாரி அம்மாள் இரண்டு முறை தேய்த்தார். பிறகு அதை வெளிச்சத்தில் பிடித்தார். பஞ்சில் ஊதா ஏறியிருந்தது.

"ஈட்டிதான்," என்றார் அந்த அம்மாள். உடன் வந்த காவலர் மேசைக் காலில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. காட்டில் மிஞ்சிய ஈட்டி மரங்களுக்கு எண் போட்டுக் காவல் வைத்திருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் அதில் ஒரு பலகை வைத்திருந்தாலும் சிறைதான். இந்தக் கடையில் ஈட்டியில் சாப்பாட்டு மேசை செய்கிறார்கள் என்று யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். மேசையைச் செய்யச் சொல்லியிருந்த பல் டாக்டரும் அதை எடுத்துப்போக அப்போதுதான் வந்திருந்தார். ஈட்டி என்றால் அதிகாரியிடம் அகப்பட வேண்டும். இல்லை என்றால் டாக்டரிடம். கடைக்காரர் டாக்டரிடம் அகப்படுவது மேல் என்று முடிவு செய்தார்.

"இது ரப்பர் மரம், மேடம். ஈட்டி பினிஷ்."

பினிஷ் என்ற சொல்லை அவர் இவ்வளவு சத்தமாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. வாங்க வருகிறவர்களிடம் அதை எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிடுவார்.

பினிஷ் செய்தது யார் என்று அதிகாரி கேட்டார். பின்பக்கக் கொட்டகையிலிருந்து பாலிஷ்காரரைக் கூப்பிட்டார்கள். கடைக்காரரின் மனைவிக்குத் தம்பி. ஐம்பது வயதிருக்கும். நகக்கண்ணில் கறுப்பு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மரத்துக்குத்தான் மாப்பிள்ளை அலங்காரம் பண்ணத் தெரியும் இவனுக்கு என்று அவர் அக்காள் கல்லாவில் உட்கார்ந்தபடி சொல்வாள்.

"சுரண்டிக் காட்டு மாப்ளே," என்றார் கடைக்காரர்.

பாலிஷ்காரர் சீவுளியை எடுத்து வந்தார். எந்த இடத்தில் சுரண்டுவது என்று சற்று நேரம் மேசையைச் சுற்றி வந்தார். மூலையில் உள்ளங்கை அளவுக்குச் சுரண்டினார். கீழே வெளிர் மஞ்சளாக ரப்பர் மரம் தெரிந்தது. டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

அதிகாரி திருப்தியடையவில்லை. "வெறும் சாயத்துல இந்த ஊதா வராது. இங்கே எங்கேயோ அசல் மரம் இருக்கு. அது எங்கேன்னு தெரியற வரைக்கும் ஓனர் எங்ககூட வரணும்."

ஊதா எங்கிருந்து வந்தது என்பது அந்தக் கடையில் ஒருவருக்குத்தான் தெரியும்.

பதினாறு வயதில் பாலிஷ்காரர் ஒரு மர அறுவை மில்லில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது ஈட்டியை வெட்டத் தடையில்லை. லாரி லாரியாக வரும். ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள் முதலில் வந்தன. பிறகு கட்டிப்பிடிக்க முடிந்தவை. கடைசி வருஷம் தொடையளவு மரங்கள் வந்தன, மில்காரர் அவற்றையும் அறுத்தார். சட்டம் வந்தது, மில்லை மூடினார்கள். பாக்கிச் சம்பளத்துக்குப் பதில் இரண்டு மூட்டை மரத்தூள் கிடைத்தது. வீட்டில் ஒரு மூட்டை அடுப்புக்குப் போயிற்று. இன்னொன்று மழையில் நனையாமல் தப்பியது.

அத்தானின் கடையில் பாலிஷ் வேலைக்கு வந்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. சாயம் நிறத்தைக் கொடுக்கும், ரேகைக்குள் இருக்கும் இருட்டைக் கொடுக்காது. மரத்தின் துளைகளை அடைக்கிற புட்டிப் பசையில் ஒரு சிட்டிகை ஈட்டித் தூளைக் கலந்து தேய்த்தால் ரப்பர் மரம் தன் பிறப்பை மறந்துவிடும். மற்றவர்கள் சாப்பிடப் போகும் மதிய நேரத்தில் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு அதைச் செய்வார். எல்லாம் கைராசி என்று ஊர் சொன்னது. அவரும் மறுக்கவில்லை. மூட்டை குறைந்து குறைந்து ஒரு பிஸ்கட் டப்பாவில் அடங்கியிருந்தது.

கடைக்காரர் சட்டைப் பையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக் கல்லாவில் இருந்த மனைவியிடம் நீட்டினார். அவள் அதை வாங்காமல் தம்பியைப் பார்த்தாள்.

பாலிஷ்காரர் கொட்டகைக்குப் போய் டப்பாவோடு வந்தார்.

"இது ஈட்டித் தூள், மேடம். புட்டியில கலப்பேன். அத்தானுக்கு இது தெரியாது."

"இதுக்குத்தானா கதவைச் சாத்திக்கிட்டே?" என்றாள் அக்காள். "சீட்டாடறேன்னு நெனச்சேன்."

அதிகாரி ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் கொட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தார். மில் எங்கே இருந்தது, யார் நடத்தினார் என்று விசாரித்தார். தூளை வைத்திருந்ததும் குற்றம்தான், பாலிஷ்காரர் அடுத்த வாரம் அலுவலகத்துக்கு வந்து எழுதிக் கொடுக்க வேண்டும், ஓனர் இப்போது வர வேண்டாம் என்றார். டப்பாவைக் காவலர் சாக்குத் துணியில் சுற்றினார்.

பாலிஷ்காரருக்கு அப்போது ஒன்று சொல்லத் தோன்றியது.

"என்னால மரம் தப்பிச்சிருக்குங்க. இங்கேருந்து போன மேசைக்கெல்லாம் அசல்ல போட்டிருந்தா எத்தனை மரம் விழுந்திருக்கும்?"

"உங்க மேசையில சாப்பிட்டுட்டுப் போறவன் எனக்கும் ஈட்டி வேணும்னு நிக்கறான். அவனுக்கு உங்க அட்ரஸ் தெரியாது. வெட்டறவன் அட்ரஸ்தான் கிடைக்கும்," என்றார் அதிகாரி.

பாலிஷ்காரர் இதை யோசித்திருக்கவில்லை. சீவுளியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

அதிகாரியும் காவலரும் போனதும் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து மேசையின் மூலையைத் தடவினார். "நானும் சொத்தைப் பல்லுக்கு மேல தொப்பி மாட்டித்தான் அனுப்பறேன். ஆனா தொப்பின்னு சொல்லிட்டுத்தான் மாட்டுவேன்." கடைக்காரர் பில்லில் பினிஷ் என்று இருப்பதாக மெதுவாகச் சொன்னார். "பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னா எப்படிக் கேக்கும்?" என்று டாக்டர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் டாக்டர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மேல் பூச்சு முழுவதையும் எடுத்துவிட்டு வெறும் மரமாகவே கொடுங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார். பாலிஷ்காரர் காலையிலிருந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மதியம் கொட்டகைக் கதவு திறந்தே இருந்தது, அக்காள் சோற்றை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். கடையின் முன்பக்கம் கடைக்காரர் ஒரு தம்பதியிடம் கட்டிலைக் காட்டி, ரப்பர் மரம், ஈட்டி பினிஷ் என்று இரண்டு தடவை சொன்னார். அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். நாலு மணிக்குப் பாலிஷ்காரர் மேசைக்கு நிறமில்லாத லாக்கர் ஒரு கோட் அடித்தார். மழை மூட்டமாக இருந்ததால் சீக்கிரம் காயவில்லை.