தப்பைச் செய்து பார்த்த செல்வி

வயர் கனெக்டருக்குள் சரியாக உட்கார்ந்தால் 'டிக்'கென்று ஒரு சத்தம் வரும். கையுறைக்குள் வேர்த்திருக்கும் விரலுக்கே அது தெரிந்துவிடும்.

ஒரகடத்தில் காருக்கு வயரிங் செய்கிற கம்பெனியில் நான் சேர்ந்த புதிது...

பத்தாவதைப் பாதியில் விட்டவள் நான். வகுப்பில் சந்தேகம் கேட்கக் கூச்சப்பட்டே பின்தங்கிப் போனேன். லைனிலும் அதே கதைதான். சத்தம் சரியாக வரும், ஆனால் வயர் கனெக்டரில் வேறு ஓட்டைக்குள் போயிருக்கும். என் பீஸ் எல்லாம், தப்பானதைப் போடுகிற சிவப்பு டப்பாவுக்குள் விழும்.

"இன்னாம்மா, செவப்பு டப்பாவ ரொப்பத்தான் வேலைக்கு வந்தியா? இந்த வாரம் பாப்பேன். அப்புறம் வூட்டுக்குத்தான்," என்றார் சூப்பர்வைசர்.

எல்லாரும் எதிரே ஒட்டியிருந்த வயரிங் படத்தைக் காட்டி, "படத்தப் பாத்துப் போடு" என்றார்கள். பார்த்துத்தான் போட்டேன்.

பக்கத்தில் நின்ற செல்விக்கு என் வயசுதான். தென்காசிப் பக்கம். டீ பிரேக்கில் என்னை ஒரு பீஸ் போடச் சொல்லி, என் கையையே பார்த்தாள். பிறகு என் இடத்தில் நின்று, என்னைப் போலவே இடது கையால் வயரை எடுத்துப் போட்டாள்.

அவளுக்கும் அதே தப்பு!

"ஏட்டி, தப்பு ஒம்மேல இல்ல! நீ எடக்கைக்காரி. கனெக்டர வலது கையில பிடிக்கும்போது அது திரும்பிக்கிடுது. மொத ஓட்ட கடைசியா போயிருது. படம் போட்டவன் வலக்கைக்காரம்லா!"

டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் சிரித்தாள். எனக்குப் புரியவைக்க ஒருத்தி என் தப்பையே செய்து பார்ப்பாளா?

கனெக்டரைத் திருப்பிப் பிடித்தேன். அந்த வாரம் யாரும் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை.

அடுத்த வருஷம் செல்வி வேலையை விட்டுவிட்டு ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தாள்.

"லைன் லீடர் ஆவற நேரத்துல டீச்சர் டிரெய்னிங்கா? பைத்தியமா ஒனக்கு?" என்றார் சூப்பர்வைசர்.

"இவளுக்கு எங்கன தப்புதுன்னு தெரிஞ்ச அன்னைக்கு வந்த சந்தோசம், அதுக்கப்புறம் எனக்கு எதுலயும் வரல சார்," என்றாள்.

அவ்வளவுதான் காரணம்!

நான் இன்னும் அதே லைனில்தான் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இருந்தபோது மணி எப்போது அடிக்கும் என்றே காத்திருப்பேன். இப்போது, செல்வி வகுப்பில் உட்காரப்போகிற பிள்ளைகளை நினைத்தால் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது...