அம்மாவின் கையில் கர்த்தர் வைத்த துடிப்பு

ஒரு சனிக்கிழமை காலை என் அம்மாவின் இடது மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அங்கும் இல்லை. குனிந்து காதை வைத்துக் கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம் வரை அந்த இடத்தைத் தொட்டால், தூங்குகிற பூனையைத் தொட்டது மாதிரி ‘குர்ர்’ என்று ஓர் அதிர்வு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அது வெறும் கையாக இருந்தது.

“என்னடா, ஓடுதா?” என்று அம்மா கேட்டார்.

விரலை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளித் தேடினேன். ஜெபிக்க முடியவில்லை. ஏனென்றால் அந்த அதிர்வு நின்றதற்குக் காரணமே முந்தின நாள் நடந்த ஜெபம்தான் என்று அப்போது நினைத்தேன். அப்படியும் ஒரு காலை விடியும், சகோதர சகோதரிகளே. அந்தக் காலைக்குப் பிறகு கர்த்தர் எங்களுக்குச் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பீடோர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் அம்மா பாலுக்காக மரம் வெட்டியவர். எஸ்டேட் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டமாக மாறியபோது நாங்கள் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். அப்பா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான்தான். பாலிடெக்னிக்கில் படித்து, இப்போது ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக வேலை செய்கிறேன். ஈப்போவின் குனோங் ராபாட் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம்.

பள்ளியில் பதினேழு வயதில் ஐந்தாம் பாரம் படிக்கும்போது பாப்டிஸ்ட் சபையில் நடந்த டியூஷன் வகுப்புக்குப் போய், அங்கேயே இயேசுவை அறிந்துகொண்டேன். அம்மா அப்போது வரவில்லை. “நீ போய்க்கோலா, எனக்கு எங்க சாமி இருக்கு” என்பார். என்னைத் தடுக்கவும் இல்லை. பிறகு அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயல் இழந்தன. ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் சபையின் அக்காமார் முறை வைத்துக்கொண்டு கஞ்சி கொண்டுவந்தார்கள். ஒருவரும் அவரிடம் மதம் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவே ஒரு ஞாயிறு சேலை கட்டிக்கொண்டு, “நானும் வாரேன்” என்றார். அடுத்த வருடம் ஈஸ்டருக்குள் அவர் விசுவாசியாகிவிட்டார். ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

அங்கேதான் சிக்கல் வந்தது. ரத்தம் கழுவுவதற்காக, அதாவது டயாலிசிஸுக்காக, அம்மாவின் கழுத்துக்குக் கீழே ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. கிருமி உள்ளே போனால் நேராக ரத்தத்துக்குப் போய்விடும். குளிக்கும்போதுகூட அம்மா துணியை நனைத்துத் துடைத்துக்கொள்வதோடு சரி. எங்கள் சபையிலோ ஞானஸ்நானம் என்றால் முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கி எழுவதுதான்.

வேறு சபைக்குப் போகிற சொந்தக்காரர்கள், தலையில் மூன்று கை தண்ணீர் ஊற்றினால் போதாதா என்று கேட்டார்கள். போதகரும் அம்மாவிடம் அன்பாகப் பேசினார். தண்ணீர் இரட்சிப்பதில்லை, நீங்கள் இப்போதே கர்த்தருடைய பிள்ளைதான் என்றார்.

“அது தெரியும் பாஸ்டர்,” என்றார் அம்மா. “ஆனா நான் முழுசா முங்கணும். பாதி முகத்த கழுவிட்டு கல்யாணத்துக்குப் போற மாதிரி எனக்கு வேணாம்லா.”

போதகர் சிரித்துவிட்டார். காத்திருப்போம் என்றார். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து நடக்கும்போது, அப்பத் தட்டு வரிசையில் அம்மாவிடம் வரும். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி, எடுக்காமல், பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுவார். ஞானஸ்நானத்துக்குப் பிறகுதான் எடுப்பேன் என்று அவரே முடிவு செய்திருந்தார். தட்டு தாண்டிப் போவதை நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

குழாயை எடுக்க ஒரே வழிதான் இருந்தது. கையில் ஓர் ஆபரேஷன் செய்து, இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாக இணைப்பார்கள். ரத்தம் வேகமாக ஓடி அந்த நரம்பு தடிக்கும். பிறகு அதிலேயே ஊசி போட்டு ரத்தம் கழுவலாம். கழுத்துக் குழாய் தேவையில்லை. அந்த ஆபரேஷன் நடந்ததும்தான் அம்மாவின் மணிக்கட்டில் நான் முதலில் சொன்ன அதிர்வு வந்தது. அது ஓடினால் வழி திறந்திருக்கிறது. நின்றால் அடைத்துவிட்டது. தினமும் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அந்தக் கையில் வளையல் வேண்டாம், பை மாட்ட வேண்டாம், அதன்மேல் படுக்க வேண்டாம் என்று மிஸ்ஸி, அதாவது நர்ஸ், எல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஜெபத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. எங்கள் சபையில் ஆரவாரமாக ஜெபிக்கிற வழக்கம் கிடையாது. ஆனால் பாதிப்பேர் எஸ்டேட்டிலிருந்து வந்தவர்கள். ஒருவருக்காக ஜெபித்தால், வலிக்கிற இடத்தைத் தொட்டுத்தான் ஜெபிப்பார்கள். டேனியல் அண்ணன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். டியூஷன் காலத்தில் என்னை ஏற்றிக்கொண்டு போனதும் அவர்தான். பெரிய உடம்பு, பெரிய கை. அம்மாவின் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்தார். அவருடைய ஜெபம் நீளமானது என்பது சபைக்கே தெரியும். அன்றைக்கு அவர் அழுதுகொண்டே ஜெபித்தார். அழ அழப் பிடி இறுகியது. ஜெபத்தின் நடுவில் கையை இழுத்துக்கொள்வது மரியாதை இல்லை என்று அம்மா அசையாமல் இருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலைதான் கை மௌனமாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். அடைத்துவிட்டது, இனி இந்த இடம் உதவாது என்றார். நடந்ததைச் சொன்னேன். அம்மாவின் நரம்பு மெல்லியது, முதல் தடவை பலருக்கும் இப்படி நின்றுவிடும், அழுத்தியதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. சபையில் ஒருவரிடம் என் மனதில் இருந்ததைக் கொட்டினேன். அது டேனியல் அண்ணனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் ஜெபக்கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஞாயிறு ஆராதனையிலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முடிந்ததும் எழுந்து போய்விடுவார்.

எனக்கு அது சௌகரியமாக இருந்தது. அம்மாவுக்கு இல்லை.

“டேனியலு ஏன் வர்றதில்ல?” என்று ஒருநாள் கேட்டார்.

“வராம இருக்கிறதே நல்லதும்மா. அவரு புடிச்ச புடியிலதான் நின்னுச்சு.”

அம்மா என் பக்கம் திரும்பினார். “அவரு புடிச்சாரு. நான் கைய இழுத்துக்கல. நீ கண்ண மூடிகிட்டு நின்ன. மூணு பேருக்கும் பங்கு இருக்குலா. அப்புறம் அவர மட்டும் ஏன் வெளிய நிறுத்தி வைக்கிற?”

சொல்லிவிட்டு போனை எடுத்தார். என் முன்னாலேயே பேசினார். “தம்பி, புதன்கிழம டயாலிசிஸுக்குப் போக எனக்கு வண்டி இல்ல. ஸ்கூல் பிள்ளைங்கள இறக்கிட்டு வந்து என்னை ஏத்திகிட்டுப் போ.” என் கார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

டேனியல் அண்ணன் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. வேன் கதவைத் திறந்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா ஏறி உட்கார்ந்து, பெல்ட் எங்கே என்று கேட்டார். பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்பதைப் போல் அவரிடம், காலையில் பசியாறினாயா என்றும் கேட்டாராம். அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அவர்தான் கொண்டுபோனார். எனக்கு ஷிப்ட் மாறி மாறி வந்ததால், உண்மையாகவே அது பெரிய உதவியாக இருந்தது. என் மனமும் மெல்ல மெல்ல இளகியது. ஒரே நாளில் இளகியது என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

இரண்டாவது ஆபரேஷனுக்காகக் காத்திருந்தபோதுதான் எங்களுக்கு மிக மோசமான நேரம் வந்தது. கழுத்துக் குழாயில் கிருமி புகுந்துவிட்டது. டயாலிசிஸ் நடுவிலேயே அம்மாவுக்குக் குளிர் எடுத்து உடம்பு தூக்கிப் போட்டது. வார்டில் சேர்த்தார்கள். பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தார்கள். பார்வை நேரத்தில் நான் போய் உட்கார்ந்தேன். அம்மாவின் உதடெல்லாம் வெடித்திருந்தது.

“சாவுக்கு பயமில்லடா,” என்றார். “முங்காம போயிருவேனோன்னுதான்.”

வார்டுக்கு வெளியே வந்து மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்று ஜெபித்தேன். பெரிதாக ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. ஆண்டவரே, சிறுநீரகத்தைக்கூடக் கேட்கவில்லை, ஒரு நரம்பு திறந்தால் போதும் என்றேன். அந்த ஞாயிறு சபையாரும் எழுந்து நின்று அம்மாவுக்காக ஜெபித்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து டேனியல் அண்ணனும் ஜெபித்தார். இரண்டு வரிதான். அவர் அவ்வளவு சின்னதாக ஜெபித்து நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் போய் அவரைக் கட்டிக்கொண்டேன்.

அம்மா பிழைத்து வந்தார். இந்த முறை முழங்கைக்கு மேலே ஆபரேஷன் செய்தார்கள். அதிர்வு வந்தது, ஆனால் மிகவும் லேசாக இருந்தது. சில நாள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அந்த நரம்பு தடிக்க மாதக்கணக்கில் ஆகலாம் என்றார்கள். மலாய்க்கார மிஸ்ஸி ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்த்துவிட்டு, “சாபார் லா, மக்சிக்” என்பார். பொறுமையாக இருங்கள் அம்மா என்று அர்த்தம். கைக்குப் பயிற்சியாக ஒரு ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார்கள். “மரத்த விட்டு வந்தும் இந்த ரப்பரு என்னை விடுதா பாரு” என்று சிரித்துக்கொண்டே அமுக்குவார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அம்மா வாசலிலேயே நின்று ஒரு சட்டம் போட்டார். “எல்லாரும் அவங்கவங்க மடியில கைய வச்சிக்கங்க. இந்தக் கைய கர்த்தர் மட்டும்தான் தொடணும்.” வந்தவர்கள் எல்லாரும் மடியில் கையை வைத்துக்கொண்டு ஜெபித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வாரங்கள் போயின. ஒரு திங்கட்கிழமை காலை நான் இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தேன். வேன் வாசலில் நின்றது. அம்மா அதில் ஏறாமல் கையை நீட்டிக்கொண்டு டேனியல் அண்ணனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இரண்டு அடி பின்னால் போய், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேணாங்க்கா. நான் தொடமாட்டேன்.”

“ஒரு விரலு போதும், தம்பி. வா.”

அம்மாவே அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டுவந்து, முழங்கைக்கு மேலே வைத்தார். அந்தப் பெரிய மனிதர் அப்படியே நின்றார். பிறகு முகம் உடைந்து அழுதார். “ஓடுதுக்கா” என்றார். “நல்லா ஓடுது.”

நானும் போய் விரலை வைத்தேன். இந்த முறை தேட வேண்டிய அவசியமே இல்லை. தோலுக்கடியில் ஓர் இயந்திரம் ஓடுவதைப் போல் அது ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அக்கா, என்ன ஏது என்று பதறி எழுந்து வந்தார். அம்மா அவருடைய விரலையும் வாங்கி வைத்துக் காட்டினார்.

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. கையில் ஊசி போட்டு ரத்தம் கழுவத் தொடங்கினார்கள். சில வாரம் பார்த்துவிட்டுக் கழுத்துக் குழாயை எடுத்தார்கள். புண் முழுவதும் ஆறும்வரை டாக்டர் தண்ணீரில் இறங்க விடவில்லை. அம்மாவும் அவசரப்படவில்லை. இவ்வளவு காத்திருந்தாயிற்று, தோல் மூடுகிறவரை காத்திருக்க மாட்டேனா என்றார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஞானஸ்நானம் நடந்தது. எங்கள் ஆலயத்தில் பிரசங்க மேடையின் பலகைகளைத் தூக்கினால் அடியில் தொட்டி இருக்கும். சகோதரர்கள் சனிக்கிழமையே அதைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். வெள்ளை அங்கியில் அம்மா படி இறங்கினார். இயேசுவை உங்கள் இரட்சகராக விசுவாசிக்கிறீர்களா என்று போதகர் கேட்டார்.

“ஆமா பாஸ்டர்,” என்றார் அம்மா. “ரொம்ப நாளாவே.”

சபை சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அம்மா தண்ணீருக்குள் போய்விட்டார். தலை, கழுத்து, தழும்பு, கை எல்லாம் உள்ளே. எழுந்து வந்தபோது முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு, தண்ணீர் இப்படிக் குளிரும் என்று ஒருத்தரும் சொல்லவில்லையே என்றார். அன்றைக்கே திருவிருந்தும் நடந்தது. தட்டு வந்தபோது அம்மா எடுத்தார். எடுத்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் எடுக்க மறந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கையால் இடித்து, “எடுலா” என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. அம்மா வழக்கம்போல் டயாலிசிஸுக்குப் போனார். இன்றும் வாரத்தில் மூன்று நாள் போகிறார். சிறுநீரகங்கள் திரும்ப வேலை செய்யவில்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை. கேட்டது ஒரு நரம்பு. அதைக் கர்த்தர் கொடுத்தார். கேட்காத ஒன்றையும் கொடுத்தார். நான் வெளியே நிறுத்த நினைத்த ஒரு சகோதரனை எங்கள் வீட்டு மனிதனாக்கினார். இப்போது வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு அவருக்கு எங்கள் வீட்டில்தான்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது, ஜெபித்த பிறகு காரியம் இன்னும் மோசமாகிவிட்டதே என்று உட்கார்ந்திருக்கலாம். சபையில் ஒருவர்மேல் உங்களுக்குக் கசப்பும் இருக்கலாம். கர்த்தரையும் விட்டுவிடாதீர்கள், அந்த ஒருவரையும் விட்டுவிடாதீர்கள். அவரைக் கூப்பிடுங்கள். ஏதாவது ஓர் உதவி கேளுங்கள். காத்திருப்பது எனக்கும் சுலபமாக இருக்கவில்லை. ஆனால் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து காத்திருந்தோம், எங்கள் தேவன் எங்களை வெட்கப்படுத்தவில்லை. உங்களையும் வெட்கப்படுத்த மாட்டார். அவருக்கே நன்றி.