சுறா எண்ணெய் பூசிய பிரேக்

எங்கள் கார் பிரேக் பிடித்தால் பேசாலையில் பாதிப் பேருக்குத் தெரியும். பின் சில்லுப் பக்கமிருந்து ஒரு கீச்சல் புறப்படும். மெல்லத் தொடங்கி, கார் நிற்கிற நேரம் உச்சத்துக்குப் போகும். மாதா கோயில் பூசைக்குப் பிந்திப் போனால் உள்ளே இருக்கிற தலைகள் எல்லாம் வாசல் பக்கம் திரும்பும். நான் எப்போதும் பின் சீற்றில், சரியாக அந்தச் சில்லுக்கு மேலே. சத்தம் போட்டது நான்தான் என்பது போலக் கூனிக் குறுகி இறங்குவேன்.

அப்பாவிடம் மீன்பிடி வள்ளங்கள் இருந்தன. கார் மீன்பெட்டி ஏற்றவும் கோயிலுக்குப் போகவும் வாங்கியது. "கடற்கரையில நிண்டு கத்திக் கதைக்கிற சனத்துக்கு இதெல்லாம் ஒரு சத்தமே?" என்று அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. முப்பதை எட்டிப் பார்க்கிற வயது, இரண்டு தடவை பேசிய கல்யாணம் இரண்டு தடவையும் குழம்பியிருந்தது.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க எடுத்த எடுப்பில் வீட்டுக்கு வர மாட்டார்கள். முதலில் ஏதாவதொரு கோயிலுக்குப் பூசைக்கு வரச் சொல்லுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் தள்ளி நின்று பார்ப்பார்கள். பெண் ஒன்றும் தெரியாதவள் போல நடந்து போக வேண்டும். பிடித்தால் தரகர் வருவார். பிடிக்காவிட்டால் ஒருவரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, ஊருக்கும் தெரியாது. நல்ல ஏற்பாடுதான், சத்தமில்லாத கார் வைத்திருப்பவர்களுக்கு. நாங்கள் பட்டுச் சேலையோடு வேறு ஊர்க் கோயிலுக்குப் புறப்பட்டதும் முகம் தொங்கத் திரும்பி வந்ததும் எங்கள் ஒழுங்கைத் தெரு முழுக்கக் கேட்டது. இரண்டாவது சம்பந்தம் குழம்பிய கிழமை, கிணற்றடியில் ஒரு மாமி, "என்ன பிள்ளை, இதுவும் சரிவரேல்லையோ?" என்று நாலு பேருக்குக் கேட்கத்தக்கதாகக் கேட்டார். நான் வாளியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாவது சம்பந்தம் எங்கள் ஊர் இருக்கிற தீவுக்கு வெளியே, பாலத்துக்கு அப்பால், கட்டுக்கரைக் குளத்துப் பக்கம். மாப்பிள்ளைக்கு பஸ் டிப்போவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊர்க் கோயிலுக்கு வரச் சொல்லித் தரகர் சொல்லிவிட்டுப் போனதும் அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"உந்தச் சத்தத்தை நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரமாட்டன்."

அப்பா காரை ஒழுங்கையில் மெதுவாக விட்டு விட்டுப் பிரேக்கை அழுத்தினார். நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்திலே ஓடினேன்.

"எந்தப் பக்கம் கத்துது?"

"இடப்பக்கம் அப்பா. இல்லை, வலப்பக்கமும்தான்."

ஜக் வைத்து உயர்த்திச் சில்லைக் கையால் சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'சிர்' என்று உரசியது. சில்லைக் கழற்றினால் உள்ளே பிரேக்கை மூடியிருக்கிற இரும்புச் சட்டி பிடிவாதமாக வர மறுத்தது. மரச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டித் தட்டித்தான் எடுத்தார். உள்ளே கறுத்த தூள், ஈர மணல், துரு. சட்டியில் உரசிக் காரை நிறுத்துகிற பிரேக் லைனர் இறுகிப்போய்க் கண்ணாடி மாதிரி மினுங்கியது. புதிது போடலாமென்றால், சாமான்கள் வெளிநாட்டிலிருந்து வருவதை அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த காலம் அது.

துரு எங்கேயிருந்து வந்ததென்று அப்பா யோசிக்கவில்லை. கடலால் வந்ததும் வள்ளத்து எஞ்சினை நல்ல தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இறக்கி ஓடவிட்டு உப்பைக் கழுவுவது அவர் பழக்கம். அந்தக் கையோடு கார்ச் சில்லுகளுக்கும் ஆளுக்கொரு வாளி ஊற்றுவார். காருக்கு நல்லது செய்கிறோம் என்றே நம்பினார். இப்போதும் மணலைக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பூட்டி ஓட்டினார். சத்தம் இன்னும் கூடியது.

"காய்ஞ்சு போச்சு. அதுதான் கத்துது," என்றார். சமையல் குசினிக்குப் பின்னாலிருந்த சுறா எண்ணெய்ப் போத்தல் வந்தது. வள்ளத்துப் பலகைக்குப் பூசுகிற எண்ணெய். இரண்டு பக்கத்து லைனருக்கும் குறைவில்லாமல் பூசி மூடினார்.

கார் ஒழுங்கையில் போய் நின்றது. ஒரு சத்தமில்லை. அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். நான் அப்பாவின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் கொஞ்சினேன். அவ்வளவு சந்தோசம் எனக்கு.

ஞாயிறு காலை பாலம் தாண்டிப் போனோம். வழியில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கோயில் வளவுக்குள் வண்டில்கள் நிறைந்திருந்ததால் அப்பா காரைக் குளக்கட்டில் ஏறுகிற சரிவில் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, "நங்கூரம் போட்டாச்சு," என்றார். வழமையாகச் சொல்வதுதான். எண்ணெய் படாத முன் சில்லுப் பிரேக்கில்தான் கார் அதுவரை நின்றுகொண்டு வந்தது. கை பிரேக் பிடிப்பது பின் சில்லை மட்டும் என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

"மணியடிக்கும் மட்டும் உள்ளுக்கை இரு. சேலையில புழுதி படும்," என்று சொல்லிவிட்டு அம்மா அப்பாவோடு இறங்கித் தரகரிடம் போனார். மரத்தடியில் நீலச் சேட்டுப் போட்ட ஒருவர் நின்றார். அவர்தான் என்று எனக்குத் தெரிந்தது. நான் வேறெங்கோ பார்த்தேன்.

மரம் மெல்ல நகர்ந்தது. பிறகுதான் விளங்கியது, நகர்வது நான். கார் பின்பக்கமாக, பூனை நடப்பது போல, சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து ஒரு தரம் "அப்பா" என்றிருந்தால் போதும், ஓடி வந்திருப்பார்கள். ஆனால் கத்தினால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். சீற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, வயலுக்குள் போய் இறங்கினேன். சேறும் தண்ணீரும் கதவிடுக்கால் வந்து பட்டுச் சேலையை முழங்கால் வரைக்கும் நனைத்தன.

பிறகென்ன, பூசைக்கு வந்த சனம் முழுக்க வயல் வரம்பில். முதலில் சேற்றில் இறங்கிக் கதவைத் திறந்தது நீலச் சேட்டுத்தான்.

"காயம் ஏதும் பட்டதோ?"

நான் இல்லையென்று தலையாட்டினேன்.

"அப்ப ஏன் ஒரு சத்தம் போடேல்லை நீங்கள்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். நான் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்துப்போனால் நல்லதென்று இருந்தது. அதற்குள் அம்மா ஓடிவந்து, "அவளுக்கு ஒண்டுமில்லைத் தம்பி, ஒண்டுமில்லை," என்று எனக்கும் சேர்த்துக் கதைத்தார்.

ஆண்களெல்லாம் தள்ளிக் காரைக் கரையேற்றினார்கள். நீலச் சேட்டுக்காரர் பின் சில்லொன்றின் சட்டியைக் கழற்றி, விரலால் தொட்டு மணந்து பார்த்தார்.

"சுறா எண்ணெயோ ஐயா?" அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "லைனரில எண்ணெய் பட்டால் கை பிரேக் எப்பிடிப் பிடிக்கும்? தண்ணியும் ஊத்தாதேங்கோ. துருவையும் மினுக்கத்தையும் மண்கடுதாசி போட்டுத் தேய்ச்சாலே சத்தம் குறையும்."

அப்பா எல்லாவற்றுக்கும் "ஓம் தம்பி, ஓம் தம்பி," என்றார். கரையிலே அவர் யாருக்கும் அப்படிப் பணிந்து நான் கண்டதில்லை. அதையும் என்னால் பார்க்க முடியவில்லை. நீலச் சேட்டுக்காரரும் நான் ஏதாவது சொல்வேன் என்று இடைக்கிடை என் பக்கம் திரும்பினார். ஒரு நன்றி கூட என் வாயில் வரவில்லை.

அடுத்த கிழமை தரகர் வந்தார். அப்பா கடலுக்குப் போயிருந்தார். தரகர் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னார்.

"மாப்பிள்ளை வீட்டவைக்குப் பிள்ளையில ஒரு குறையுமில்லை. ஆனால் வாய் பேசாத பிள்ளை எண்டதை நீங்கள் முதலே சொல்லியிருக்கலாமாம்."

அம்மாவுக்குச் சிறிது நேரம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் துள்ளி எழும்பினார். "ஆர் சொன்னது? என்ர பிள்ளை நல்லாக் கதைப்பாள்!" அறைக்குள் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தினார். "கதை பிள்ளை. ஏதாவது கதை. அவருக்குச் சொல்லு."

தரகர் என் முகத்தைப் பார்த்தார். சொல்வதற்கு எனக்கு நிறைய இருந்தது. அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார், அழுதார். நான் கதிரைக் காலைப் பார்த்தபடி நின்றேன்.

தரகர் எழும்பினார். என் பக்கம் திரும்பி, மிகவும் இரக்கத்தோடு, போய் வருகிறேன் என்று கையால் சைகை காட்டிவிட்டு இறங்கிப் போனார்.