அக்கா பாட்டும் திறந்த மூலமும்

என் அக்கா பாடிய பாட்டு போடியில் யார் போனைத் தட்டினாலும் கேட்கும். மலையில் என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற ஏலத்தோட்டத்தில் மட்டும் கேட்காது. அங்கே டவர் கிடையாது.

அந்தப் பாட்டே அந்தத் தோட்டத்து மாரியம்மன் பேரில் அக்கா தானாகக் கட்டியது. காய் எடுக்கப் போன காலத்தில் கட்டினாள். வருசா வருசம் கோயில் பொங்கலுக்கு அவள் பாடுவாள், பெண்கள் வட்டமாக நின்று கை தட்டுவார்கள். போன வருசப் பொங்கல் முடிந்த கொஞ்ச நாளில் அவளை மாரி அழைத்துக்கொண்டாள். இந்த வருசப் பொங்கல் நெருங்கியபோது, ஸ்டோரில் ஏலக்காய் காயப்போடுகிற என் வீட்டுக்காரர் மலையிலிருந்து இறங்கி வந்து சொன்னார்.

"அவ பாட்டு இல்லாமலா பொங்கல் வைக்கிறதுன்னு எல்லாம் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குதுக. மைக் செட்டுல போடலாம். எப்படியாச்சும் ஒரு பென் டிரைவுல ஏத்திக் கொண்டா."

அப்போதுதான் சாமி விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பியிருந்தேன். "கொண்டு வர்றேன்" என்றேன். விளக்கு முன்னால் சொல்லிவிட்டேன். இனி அதை மாற்றிப் பேச முடியாது.

பெரிய வேலை என்று அப்போது நினைக்கவில்லை. அக்கா மகன்தான் எங்கள் வீட்டு முன்னறையில் வைத்து அதைப் படம் பிடித்து, வீடியோ தளத்தில் போட்டிருந்தான். பிறகு அவன் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்தது. அந்த நம்பரும் போய்விட்டது. கணக்கைத் திறக்க வேண்டுமானால் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி போகுமாம். அவன் திருப்பூரிலிருந்து தலையில் அடித்துக்கொண்டான். ஆக, பாட்டு ஊரே பார்க்கிற மாதிரி இருக்கிறது. கையில் எடுக்கத்தான் வழியில்லை.

ஏலக்காய் தரம் பிரிக்கிற டெப்போவில் எனக்கு வேலை. பச்சைக் காய் ஒரு பக்கம், வெடித்த காய் ஒரு பக்கம் என்று சாயங்காலம் வரை தட்டு முன்னால் உட்கார்ந்துவிட்டு, நேரே செல்போன் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் தெரிந்தவர். மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருகிறவர்.

"ரெண்டு நிமிசச் சோலி அக்கா, உக்காருங்க" என்று லேப்டாப்பைத் திறந்தார். இரண்டு நிமிசம் ஆயிற்று. டீ வந்தது, டீ ஆறியது. அவர் முகமும் மாறியது.

"வரலை அக்கா."

"என்ன வரலை?"

"வீடியோவ இறக்குறதுக்கு ஒரு சாப்ட்வேர் வச்சிருக்கேன். காசு கிடையாது, எங்கெங்கயோ இருக்கிற ஆளுக சேந்து சும்மா செஞ்சு குடுத்தது. வீடியோக்காரன் வாசக் கதவ மாத்திட்டான், என்கிட்ட இருக்கிற பழைய சாவி சேரலை. புதுச் சாவி நெட்டுல அவங்க வச்சிருக்கிற பக்கத்துல இருக்கும். அந்தப் பக்கத்தையே மூடி வச்சிருக்கு. பாட்டுக் கம்பெனிக்காரங்க காப்பிரைட்டுன்னு புகார் குடுத்துட்டாங்களாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க அக்கா பாட்டுக்கு எவன் சொந்தக்காரன்?"

"உங்க பாட்டு மேல புகார் இல்லக்கா. பாட்ட எடுக்கிற சாமான் மேல புகார்."

"ஏலக்காய் திருடுறவனும் சாக்குலதான் கட்டிட்டுப் போறான். அதுக்காகச் சாக்குத் தைக்கிறவனப் பிடிச்சு உள்ள வைப்பாகளா?"

பாய் தலையைச் சொறிந்தார். "அவங்க சொல்றதுலயும் ஞாயம் இல்லாம இல்ல. இந்தக் கடையிலயே எத்தனை பேருக்குச் சினிமாப் பாட்டு ஏத்தி விட்டிருக்கேன்."

எனக்கு அது சுருக்கென்றது. பாடுகிறவனுக்கும் வயிறு இருக்கிறதே. ஆனால் நான் கேட்டது எங்கள் சாமிக்கு எங்கள் அக்கா கட்டிய பாட்டு. இதற்கு நான் யாரிடம் பயப்பட வேண்டும்?

நான் நம்பாமல் நிற்பதைப் பார்த்து, பாய் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். அந்தச் சமாச்சாரத்தைப் பற்றித் தமிழில் யாரோ எழுதியிருந்தார்கள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'திறந்த மூல மென்பொருள்.'

"என்ன பாய், மூலம்னு போட்டிருக்கு? எங்க வீட்டுக்காரரும் அதுக்குத்தான் கருணைக்கிழங்காத் திங்கிறாரு."

பாய் சிரித்த சிரிப்பில் ஆறிய டீ கீபோர்டில் கொட்டியது. துடைத்துக்கொண்டே சொன்னார். "அந்த மூலம் இல்லக்கா! எப்படிச் செஞ்சாங்களோ அந்தச் செய்முறைக்குப் பேரு மூலம். அத ஒளிக்காம எல்லாருக்கும் திறந்து வச்சிருக்காங்க. யாரும் பாக்கலாம், எடுத்துக்கலாம், திருத்தலாம்."

அதன் பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. "அப்ப மூலவரு மாதிரின்னு சொல்லுங்க. மூலவரு நடை சாத்தினா உற்சவரு இருப்பாருல்ல? அவரு தெருவுக்கே வருவாரே."

"இருக்காரு. அவனவன் ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கான். ஆனா எது நெசம், எதுல வைரசு இருக்குன்னு எனக்குத் தெரியாது. கண்ட இடத்துல எடுத்தா என் கடையே படுத்துரும். நடை திறக்கட்டும்க்கா."

மறுநாள் டெப்போவில் பக்கத்துத் தட்டுக்காரி ஒரு யோசனை சொன்னாள். ஒரு போனில் பாட்டைப் போட்டு, இன்னொரு போனைப் பக்கத்தில் வைத்துப் பிடித்துவிடு என்றாள். செய்து பார்த்தேன். குக்கர் விசில், குட்டி யானை வண்டியின் ஹாரன், இரண்டுக்கும் நடுவில் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி அக்கா. அம்மன் சந்நிதியில் போடுகிற மாதிரி இல்லை. அழித்துவிட்டேன்.

அப்புறம் தினமும் வேலை விட்டதும் கடை வாசலில் நின்று ஒரே கேள்விதான். "பாய், நடை திறந்துச்சா?"

"இன்னும் இல்லக்கா. புகாருக்கு அவங்க வக்கீல் வச்சுப் பதில் எழுதுறாங்களாம்."

"நாளைக்கு வர்றேன்."

வெள்ளிக்கிழமை அவர் தொழுகைக்குக் கிளம்புகிற நேரத்திலும் போய் நின்றேன். "அக்கா, எனக்காக இல்லேன்னாலும் உங்களுக்காகத் துவா கேக்கணும் போல" என்று சிரித்துக்கொண்டே ஷட்டரை இறக்கினார். நானும் எங்கள் சுப்பிரமணியர் கோயிலுக்குப் போய், அந்த முகம் தெரியாத ஆட்களுக்காக ஒரு நெய் விளக்குப் போட்டேன். கூலி வாங்காமல் ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, அதற்காக வக்கீலும் தேடுகிறவர்கள். அவர்கள் என்ன சாமி கும்பிடுகிறார்களோ தெரியாது. விளக்கு விளக்குதானே.

பொங்கல் செவ்வாய்க்கிழமை. ஞாயிறு வந்தும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்பவும் மனசு வரவில்லை. திங்கள் சாயங்காலம் நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கும்போதே, பாய் கடையை விட்டு வெளியே வந்து இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார்.

"அக்கா, நடை திறந்துருச்சு!"

பஸ்சுக்கு நின்ற ஒரு அம்மா சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு, மேற்கே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எந்தக் கோயில் ஆத்தா?" என்று என்னிடம் கேட்டார். "எல்லாருக்கும் பொதுக் கோயில்மா" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

சோதித்துப் பார்ப்பதற்காகக் கம்பெனிப் பாட்டுகள் சிலவற்றின் பெயரை அந்தச் செய்முறைக்குள் எழுதி வைத்திருந்தார்களாம். புகாருக்கு அதுதான் பிடி. அதை எடுத்துவிட்டு, வக்கீல் பதிலும் போன பிறகு பக்கத்தைத் திறந்துவிட்டார்களாம். பாய் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்.

அவர் பட்டனைத் தட்டப் போனபோது தடுத்தேன். "இருங்க. கேக்க வேண்டியவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்." அக்கா மகனுக்குப் போன் போட்டேன். "ஏப்பா, உங்கம்மா பாட்டு உனக்குத்தான் பாத்தியம். எடுத்துக்கட்டுமா?"

"என்ன சித்தி, கோட்டிக்காரி மாதிரிக் கேக்குறீங்க? எடுங்க. எனக்கும் ஒண்ணு அனுப்புங்க."

பாட்டு இறங்கியது. "இடம் நிறையக் கிடக்கு, நாலு சினிமாப் பாட்டுப் போட்டு விடவாக்கா?" என்றார் பாய்.

"வேண்டாம். இது மட்டும் போதும்."

"இப்படியே எல்லாரும் சொன்னா நான் கடையச் சாத்திட்டு உங்க கூடக் காய் பிரிக்க வர வேண்டியதுதான்."

"வாங்க. வெடிச்ச காய் பூராவும் உங்களுக்கு."

விடிந்ததும் குரங்கணி வழியாக மேலே போகிற ஜீப்பில் ஏறினேன். அரிசி மூட்டை, வெல்லம், ஆட்கள் எல்லாம் ஒரே லோடு. பென் டிரைவை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தேன். ஜீப்பு குலுங்கும்போதெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கோயிலில் பானை ஏற்றியிருந்தார்கள். மைக் செட்டுக்காரரிடம் கொடுத்தேன். கரகரவென்று ஒரு சத்தம், பிறகு மலைச்சரிவு முழுக்க அக்கா குரல். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வட்டம் தானாகக் கூடியது. கை தட்ட ஆரம்பித்தோம்.

பாதிப் பாட்டில் அக்கா நிறுத்தினாள். கை தட்டுகிற வேகத்தில் அது எனக்கு மறந்தே போயிருந்தது. ஸ்பீக்கரிலிருந்து அவள் வைதாள். "ஏண்டி, யாரு வெரட்டுறா உன்னய? மெதுவாத் தட்டுடி!"

முன்னறையில் படம் பிடித்த அன்றைக்கு அவள் வைதது, கூடக் கை தட்டிய என்னைத்தான். இங்கே வட்டத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கை அடங்கியது. தாளம் மெதுவானது. ஒருத்தி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். என் வீட்டுக்காரர் அடுப்புப் பக்கத்திலிருந்து, "பாத்தியா, மேல போயும் உன்னய விடலை" என்றார்.

பொங்கல் இறக்கியதும், நான் சொன்ன புகார்க் கதையைக் கேட்டிருந்த தோட்டத்து மேஸ்திரி மெல்ல வந்தார். மலையாளத்துக்காரர். "சேச்சி, எனக்கும் ஒரு காப்பி வேணும். கேஸொண்ணும் வராதல்லோ?"

"வராது. எங்க அக்கா பாட்டு, அவ மகன் சரின்னு சொல்லிட்டான். எடுத்துக்கங்க, கேக்குறவங்களுக்கும் குடுங்க. எவன் எந்த நடையச் சாத்தினாலும் வீட்டுக்கு ஒரு உற்சவரு இருக்கட்டும்."

ஆளுக்கு ஆள் போனை நீட்டினார்கள். எல்லோருக்கும் ஏற்றி முடித்ததும், இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார்கள். போட்டார்கள். இந்தத் தடவை நான் முதலிலிருந்தே மெதுவாகத்தான் தட்டினேன். அக்கா அப்படியும் வைதாள்.